இரண்டாவது குழாய்

சாங்ஹுவாவில் குழாய் விற்கிறேன்.
பித்தளை, நிக்கல் பூச்சு,
ஐந்து வருட உத்தரவாதம்.
என் முகத்துக்கு
அரைக் கோப்பை வரைக்கும்தான் உத்தரவாதம்.

அரைக் கோப்பை சோளச் சாராயம்.
முதலில் காது மடல்,
பிறகு கழுத்து,
பிறகு கண்ணின் வெள்ளைகூட.
"வந்துவிட்டார் செம்முகச் சாமி" என்று
மேசையே எழுந்து கும்பிடும்.
எங்கள் கோயில் வாசலில்
நீண்ட தாடியும் நீண்ட வாளுமாய் நிற்கும் தளபதி.
அவர் முகம் வாய்மையால் சிவந்ததாம்.
என் முகம், டைச்சுங் கட்டட முதலாளி
நானூறு குளியலறைக்குக் கையெழுத்துப் போடவேண்டுமே, அதனால்.

முதலில் தோல் மருத்துவரிடம் போனேன்.
குடியைச் சொல்லவில்லை.
வெயில் என்றேன். மிளகாய் என்றேன்.
தந்த களிம்பை மூன்று வாரம் பூசி
புதினா வாசத்தோடு சிவந்தேன்.

பிறகு கிடங்கு ஆ-ஹுய்
வயிற்றுப்புண் மாத்திரை ஒன்றை
உள்ளங்கையில் வைத்து மூடினான்.
"ஒரு மணி நேரம் முன்னாடி போடு.
சுவர் மாதிரி இருப்பே."
இருந்தேன்.
அன்றிரவு யாரும் கும்பிடவில்லை.
ஏழு கோப்பை.
வெள்ளையடித்த முகத்துக்குப் பின்னால்
பூட்டிய வீட்டின் கதவை உள்ளிருந்து தட்டுவதுபோல்
நெஞ்சு.
ரயில் நிலையக் கழிவறையில்
எங்கள் கம்பெனிக் குழாயைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அது ஆடவில்லை. நல்ல பொருத்தல்.

அதனால் இன்று, வரிசை எண் இருபத்தேழு.

டாக்டர் சியூ பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து
முழங்கை மடிப்பில் ஒட்டினார்.
ஏழு நிமிடம் காத்திருக்கச் சொன்னார்.
"மருந்து வேண்டும்" என்றேன்.
"எதற்கு?"
"சிவப்பு போக."
பஞ்சை எடுத்த கொஞ்ச நேரத்தில்
தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம்
மெல்லச் சிவந்து வந்தது.
"எனக்கும் இப்படித்தான்" என்றார்,
ஏதோ ஒரே ஊர்க்காரர்போல.

காகிதத்தில் தொட்டி வரைந்தார்.
மேலே ஒரு குழாய்: சாராயத்தை நஞ்சாக்கி உள்ளே விடும்.
கீழே ஒரு குழாய்: அந்த நஞ்சை வெளியே விடவேண்டும்.
கீழது இறுகிக் கிடந்தது.
எனக்கு மேலே விளக்கத் தேவையில்லை,
என் தொழில்.
"வாஷர் மாற்ற முடியாதா?"
"பிறவி வாஷர்."
"அந்த மாத்திரை?"
"எச்சரிக்கை விளக்கைக் கழற்றிவிடும்.
தொட்டி நிறைவதை நிறுத்தாது."

பிறகு அவர் உணவுக்குழாய் என்று ஆரம்பித்தார்.
இத்தனை வருடம் விற்ற பட்டியலில்
இல்லாத ஒரு குழாய்
தொண்டைக்குக் கீழே
சட்டென்று நீளமாகத் தெரிந்தது.
புற்று என்ற சொல்லை
அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

மருந்துச் சீட்டு இல்லை.
"கடிதமாவது கொடுங்கள்" என்றேன்.
சிரிக்காமல் எழுதினார்:
இவருக்கு மது கூடாது.
கீழே வட்ட முத்திரை,
அதுவும் சிவப்பு.

வருட முடிவு விருந்தில்
ஐந்தாம் மேசைக்கும் ஆறாம் மேசைக்கும் நடுவே
மேலாளர் லாயிடம் நீட்டினேன்.
கையில் கோப்பை, முகத்தில் கறுஞ்சிவப்பு.
இரண்டு முறை படித்தார்.
"பழகினால் சரியாகும் என்றார்கள்.
முப்பது வருடமாகப் பழகுகிறேன்."
அப்போதுதான் கவனித்தேன்:
இரவு முழுக்க அவர் தட்டில் சோறு அப்படியே.
சூப்பு மட்டும்.
அதையும் சின்னச் சின்ன மிடறாக,
ஒவ்வொன்றுக்கும் தாடையைக் கொஞ்சம் உயர்த்தி.

கடிதத்தை நான்காக மடித்தார்.
எனக்குத் திருப்பித் தரவில்லை.
"இந்த டாக்டர்
செவ்வாய் சாயங்காலம் இருப்பாரா?"

ஆறாம் மேசை எழுந்துவிட்டது.
ஒரே மூச்சில், ஒரே மூச்சில் என்று கூச்சல்.
நான் தேநீரை உயர்த்தினேன்.
அவரும் உயர்த்தினார்,
முப்பது வருடக் கை, தானாகப் போகும்.
உதட்டுக்கு ஒரு சாண் முன்னால்
அது நின்றது,
அடுத்து எந்த மேசை என்று
மறந்துபோனவர்போல.